புல்லுக்கடியில் ஒரு வால்வு

அன்புள்ள வெர்னா,

நீ டல்சா நகரத்துக்குப் போனதிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நான் பராமரித்துவந்த ராணுவ முகாமின் குடிநீர்க் குழாய்கள் வெள்ளிக்கிழமை தனியார் கம்பெனிக்குப் போகின்றன.

இன்று கம்பெனி ஆள் டக்கருக்கு ஒவ்வொரு வால்வாகக் காட்டிக்கொண்டு நடந்தேன். தேவாலயத்துக்குப் பின்னால் புல் மூடிக் கிடக்கும் வால்வு எந்த வரைபடத்திலும் இல்லை. அது எனக்கு மட்டும் தெரிந்தால் என்னை வேலையில் வைத்துக்கொள்வார்கள் என்று, அதைக் காட்டாமல் தாண்டிவிட்டேன்.

"என்ன பெருசு, இங்க ஒண்ணுமில்லையா?"

"புல்லு இருக்கு. வேணும்னா மேஞ்சுக்கோ."

சிரித்துக்கொண்டே, அங்கே ஒன்றுமில்லை என்று குறித்துக்கொண்டான்.

அங்கே குழாய் உடைந்தால், அந்த வால்வை மூடினால்தான் மருத்துவமனைக்குத் தண்ணீர் நிற்காது. அன்றைக்கு நான் இல்லாவிட்டால்?

அதற்குப் பிறகு மூன்று முறை காரில் அங்கே போய்ப் பார்த்துவிட்டேன். இப்போது நீலப் பெயின்ட்டோடு கிளம்புகிறேன். வால்வைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, டக்கரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

டல்சாவில் எனக்கு ஏதாவது வேலை விசாரித்து வை.

உன் கணவன்