காடைக் கதை

வெள்ளிக்கிழமை, இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அம்மா இறந்ததைப் பாப்பாவிடம் சொல்லக் கூடாதென்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் இருப்பதாகத்தான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

இன்று மீறிவிட்டேன். தூங்கவைக்கும்போது, பருத்திக் காட்டில் தாய்க்காடை செத்துப்போன கதையைச் சொன்னேன். குஞ்சுகள் தாயைத் தேடிய இடத்தில் கதையை நிறுத்திவிட்டேன்.

"நம்ம அம்மா மாதிரியாக்கா?" என்றாள் பாப்பா.

எழுந்து உட்கார்ந்தேன். "யாருடி சொன்னா?"

"அம்மா சேலைக்குப் பொட்டு வச்சு அப்பா கும்பிட்டாகல்ல. ஆஸ்பத்திரியில இருக்கவுகளக் கும்பிடுவாகளா, லூசு அக்கா!"

"பெறகு ஏன் தெனமும் அம்மா எப்ப வருவாகன்னு அப்பாகிட்ட கேக்குற?"

"கேக்கலைன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அழுவாக."

ஐந்து வயது. நிறைந்த கண்மாயை முதன்முதலாகப் பார்ப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தூங்கியபிறகுதான் இதை எழுதுகிறேன்.

மில்லிலிருந்து அப்பா வந்துவிட்டார். கதவைத் தட்டுகிறார். பாப்பா விழித்துக்கொண்டாள்.

"அக்கா, அப்பாவுக்கும் அந்தக் கதையச் சொல்லட்டா? கதைன்னா தாங்கிக்கிருவாக" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறக்க ஓடுகிறாள்.