வினாமாடம் தேடி வந்த கொற்றியைப் பற்றி

மழை குறைந்தும் மானம் குறையாத வெண்கோட்டு நாட்டின் காவலர், ஏழு கணவாய்க்கும் உடையவர், மன்னர் பெருமான் நெடுவேல் சாத்தனார் திருவாய் மலர்ந்தருள, அவர்தம் அமைச்சன் குழைக்காதன் எழுதுவது. அருவந்தை நாட்டின் தலைநகராம் பொன்மதிலூரில், நாற்றிசையும் புகழ் பரப்பும் கல்விக்கூடமாகிய நிறைமதிச் சாலையின் தலைவராய் வீற்றிருக்கும் பேராசான் இளந்திருமாறனார் திருமுன்பு இவ்வோலை சேர்க.

தங்கள் நலமும், தங்கள் மாணாக்கர் நலமும், தங்கள் மன்னர் நலமும் பெருகுக. கூந்தலாறு வற்றாது ஓடுக என்று வாழ்த்தி ஓலை தொடங்குவது நம் இரு நாட்டுக்கும் உள்ள பழைய வழக்கம். இம்முறை அந்த ஒரு வாழ்த்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம். காரணம் போகப்போக விளங்கும். பொறுமையோடு படித்தருள வேண்டும்.

முதற்கண் தங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். தங்கள் சாலை எமக்கு ஒரு பெண்ணைக் கொடுத்தது. கொடுத்தது தங்களுக்கே தெரியாது என்பதால் அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

அவள் பெயர் கொற்றி. தங்கள் நாட்டவள், கூந்தலாற்றங்கரையில் நெட்டேரி என்னும் சிற்றூரில் மதகு காப்பவனுக்கு மகளாய்ப் பிறந்தவள். ஓர் ஐப்பசி அடைமழையில் நெட்டேரிக் கரை உடைந்து, அவள் தந்தையையும் தமையனையும் கொண்டுபோயிற்று. பலமான கரைதான், ஏன் உடைந்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. விதி என்றார்கள், தெய்வக் குற்றம் என்றார்கள். கொற்றிக்கு அந்தப் பேச்சு எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. கரையும் மதகும் கட்டும் கலையை நிறைமதிச் சாலையில் கற்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தன் கேள்வியை ஓலை நறுக்கில் எழுதி முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டுவிட்டாள். தாய் தடுக்கவில்லை. "போ தாயி, போயிக் கேட்டுட்டு வா. கேட்டா சொல்லாமலா இருந்துருவாங்க" என்றாளாம். ஓலை மரபுக்கு இப்பேச்சு ஒவ்வாதுதான். ஆயினும் அவள் எமக்குச் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம், மாற்ற மனம் வரவில்லை.

தங்கள் சாலையின் மரபைத் தங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் சொல்கிறோம். கற்க விரும்புவோர் எவராயினும் தம் கேள்வியை எழுதி வினாமாடத்தில் இட வேண்டும். இட்டவர்க்குச் சாலை மறுமொழி சொல்லியே தீர வேண்டும். மறுமொழி பெற்ற பிறகே உள்ளே கால் வைக்கலாம். சாலையை நிறுவிய பெரியவர் அந்த மாடத்தைத் தலைவாயிலில், குழந்தைக்கும் கை எட்டும் உயரத்தில் வைத்தார். பிறகு தங்கள் பழைய மன்னரின் வெற்றிகளைக் கல்லெழுத்தாய் வெட்ட அந்தச் சுவர் வேண்டியிருந்தது. மாடம் இரண்டாம் முற்றத்துக்குப் போயிற்று. அங்கே கொடையாளர் சிலைகள் வரிசையாய் வந்து நின்றன. மாடம் மடைப்பள்ளிக்குப் பின்னே போயிற்று. அங்கே தங்கள் மணிவிழா மண்டபம் எழுந்தது. மாடம் யானைக்கொட்டிலுக்கு அப்பால், வைக்கோற்போருக்கும் மதிலுக்கும் நடுவில் போய் ஒடுங்கிற்று. சாலைக்குள் இருப்போர் எவரும் இதைக் குறையாக எண்ணவில்லை. இருக்குமிடம் அறிந்தவர்க்கு அது எப்போதும் கண்ணெதிரேதானே இருக்கிறது! சென்ற ஆண்டு மிளகு வணிகராய் வேடம் பூண்டு வந்த எம்மவர் ஒருவர் பாடுபட்டுத் தேடி அதைக் கண்டார். உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம்.

கொற்றி தலைவாயிலில் நின்று சுவர் முழுவதையும் படித்தாள். மன்னர் வென்ற நாடுகளைப் படித்தாள், கொடை தந்தோர் குலப்பெருமையைப் படித்தாள், தங்கள் பட்டங்களைப் படித்து மூச்சு வாங்கினாள். இங்கே கேள் என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, எங்கும் இல்லை. வாயிற்காவலனைக் கேட்டாள். "உள்ளார போயிக் கேளு" என்றான். உள்ளே கணக்கரைக் கேட்டாள். "வாசல்லயே எழுதிப் போட்டிருக்கே, கண்ணு தெரியலையா? நிக்காத, போ போ" என்றார். மறுபடி வாயிலுக்கு ஓடினாள். மறுபடி உள்ளே வந்தாள். முற்றத்தில் கூடியிருந்த மாணாக்கருள் ஒருவன், "மாடத்தையே கண்டுபிடிக்க முடியல, இவ மதகு கட்டப் போறாளாக்கும்!" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அவமானம் தாங்காமல் அவள் ஒரு சிலையின் மறைவில் போய் நின்றுகொண்டாள். ஊருக்குத் திரும்பினால் தாயிடம் என்ன சொல்வது என்பது ஒன்றுதான் அவளுக்கு அப்போது ஓடிய நினைவு.

அவ்வேளை பேராசான் ஒருவர் பரிவாரத்தோடு அவ்வழி வந்தார். அவரை மறித்து, காலில் விழாத குறையாக, "ஐயா, வினாமாடம் எங்கனங்க இருக்கு?" என்று கேட்டாள். அவர் கோபிக்கவில்லை; புன்னகைகூடச் செய்தார். நடையைத் தளர்த்தாமலே கையிலிருந்த விசிறியை நீட்டி, "அதோ, அங்கதான்" என்று அருளிப் போய்விட்டார். விசிறி காட்டிய திசையில் சிலைகள் இருந்தன, மண்டபம் இருந்தது, வானம் இருந்தது. மாடம் இல்லை. அந்தப் பேராசான் தாங்களே. தங்களுக்கு நினைவிருக்க வழியில்லை. அவளுக்கு அந்த விசிறியின் நிறம்கூட நினைவிருக்கிறது.

ஊருக்குத் திரும்பத் துறைக்கு வந்தாள். துறைக்கு அக்கரை எம் நாடு. எமக்குத் தங்கள் சாலையைப் போலப் பேரும் இல்லை, மண்டபமும் இல்லை. ஆதலால் எம் மன்னர், வருகிற சனம் எந்த வழியில் நடக்கிறதோ அந்த வழியிலேயே கேள்விக் கொட்டகை போடச் சொன்னார். துறையில் ஒன்று, சந்தையில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று. படகோட்டி, நடந்ததைக் கேட்டு, அவளை அக்கரைக் கொட்டகையில் கொண்டுபோய் உட்கார வைத்தான். அங்கே எழுதுகிறவள் நிமிர்ந்து பார்த்து, "என்ன தாயி, முகமெல்லாம் வாடிக் கெடக்கு? என்ன கேக்கணும், சொல்லு" என்றாள். அவ்வளவுதான், கொற்றி ஓவென்று அழுதுவிட்டாள். "அட, இதுக்குப் போயி அழுவாங்களா!" என்று அவள் தண்ணீர் கொடுத்து, கேள்வியைப் படி எடுத்துக்கொண்டு, மூல நறுக்கைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று பொழுது சாயுமுன் கொற்றி எம் மாணவி ஆனாள்.

எம் ஆசிரியர்கள் தங்களைவிடப் பெரியவர்கள் என்று சொல்ல மாட்டோம். அவளை உள்ளே விட்டார்கள், அதுதான் வேற்றுமை. நெட்டேரிக் கரை ஏன் உடைந்தது என்பதைக் கற்றாள். உடையாத கரையைக் கட்டவும் கற்றாள். இன்று அவள் இந்நாட்டின் கரைநாயகி. யானைக்கல் கணவாயில் கூந்தலாற்றுக்குக் குறுக்கே அவள் எழுப்பிய பேரணை முடிந்துவிட்டது. மதகுக் கண்களில் பலகை இறங்கிவிட்டது, ஒன்றைத் தவிர. தாங்கள் இப்போது குடிப்பது அந்த ஒரு கண் விடுகிற நீர். ஐயமிருந்தால் தங்கள் படித்துறைக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எவரும் கண்டிராத அடிப்படி வெளியே தெரியும். கோடையின் கடுமை என்று தங்கள் கணியர் சொல்லியிருப்பார். கோடை அன்று. அணையை இடித்துவிடலாம் என்று தங்கள் படைத்தலைவர் சொல்வாராயின், எங்கே இடித்தால் உடையும் என்று அவரைக் கேளுங்கள். அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவள் தங்கள் முற்றத்தில் நின்றிருந்தாள்.

எம் வயல்கள் மூன்று பருவமாய்க் காய்கின்றன. ஆறு எமக்கு வேண்டும். இதில் மன்னர் உறுதியாய் இருக்கிறார். ஆனால் நெட்டேரியும் அணைக்குக் கீழேதான் இருக்கிறது. தாயை அழைத்துவரக் கொற்றி இருமுறை போனாள். "உங்கப்பன் போன ஊருடி இது, நான் எங்கயும் வரல. ஆறு நின்னா நானும் நிக்கிறேன்" என்று கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். திரும்பி வந்து அவையில் விழுந்தாள் கொற்றி. "எங்க ஆத்தா குடிக்கிற தண்ணிங்க அது. ஒருதரம், ஒரே ஒருதரம் அந்தச் சாலைக்காரங்க வந்து கேக்கட்டும்" என்று அவள் மன்றாடியபோது அழாதவர் அவையில் இல்லை. மன்னர் இசைந்தார்.

அப்போது அவையோருள் ஒருவர், அவர்கள் முறையிடும் மாடத்தை யானைக்கொட்டிலுக்குப் பின்னே வைக்கலாம், தேடட்டும் என்றார். எல்லோரும் சிரித்தோம், யாமும் சிரித்தோம். கொற்றி சிரிக்கவில்லை. "வேண்டாங்க. தேடவிட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

ஆகவே ஆணை இது. வரும் ஆடிப்பெருக்குக்குத் தங்கள் நாட்டார் விளக்கும் பூவும் ஏந்தி ஆற்றுக்கு வருவார்கள். அன்று அங்கே ஆறு இருக்க வேண்டுமாயின், பேராசானாகிய தாங்களே, பரிவாரமின்றி, அதற்கு முன் எம் துறைக்கு வருக. கொற்றி அன்று தங்கள் சாலையில் இட முடியாமற்போன நறுக்கை இவ்வோலையோடு கட்டியிருக்கிறோம். கரை ஏன் உடைந்தது, உடையாமல் கட்டக் கற்றுத் தருவீர்களா என்பதே அதில் உள்ளது. அதற்கு மறுமொழி எழுதி வருக. தெரியாதாயின் தெரியாது என்று எழுதி வருக. கேட்டவர்க்குச் சொல்லிக்கொடுப்பது எம் வழக்கம். வருமுன், வெற்றிகளைச் செதுக்கி எடுத்தாயினும், வினாமாடத்தைத் தலைவாயிலில் பழைய இடத்தில் வைப்பிக்க. இவ்விரண்டும் நடந்தால் பாதி ஆறு தங்களுடையது. நடவாதொழியின் கடைசிப் பலகை இறங்கும். அதை இறக்கும் கை தன் கையாகவே இருக்க வேண்டும், அந்தப் பாவம் வேறொருவர் தலையில் விழக் கூடாது என்று கொற்றி கேட்டு வாங்கியிருக்கிறாள்.

துறைக் கொட்டகையில் பகலிலும் விளக்கு எரியும். கொற்றி அங்கேயே இருப்பாள். தாங்கள் இறங்கியதும் இடம் எங்கே என்று எவரையேனும் கேட்க நேர்ந்தால், அவர் கை காட்டி அனுப்பக் கூடாது, கைபிடித்து அழைத்துவர வேண்டும் என்பது துறைக்காவலர் அனைவருக்கும் அவள் இட்ட கட்டளை.

மன்னர் திருவுளப்படி, மலையும் மதகும் பொறித்த இலச்சினை இட்டு முடித்தோம். படகு தங்கள் கரையில் காத்திருக்கிறது. நீர் இருக்கும்போதே ஏறுக.