என்னைத் துரத்திய அட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி தருகிற உங்கள் மகளை நேற்று ஒரு வாண்டு தன் வீட்டைவிட்டே துரத்திவிட்டாள்! பதறாதீர்கள். பேச்சு வராத அவள், பிடிக்காவிட்டால் அலறுவாள். அதற்குப் பதிலாகப் "போதும்" என்று எழுதிப் படம் போட்ட அட்டையை நீட்டப் பழக்கியிருந்தேன். நேற்று முதன்முறையாக, அலறாமல், அதை என் கையிலேயே திணித்து வாசலைக் காட்டினாள். கேட்டது நடந்தால்தானே அட்டையை நம்புவாள்? உடனே வெளியேறினேன்.

"ஐயோ, டீச்சரையே அனுப்பிட்டாளே!" என்று அவள் அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. வாண்டு "வா" அட்டையை நீட்டினாள்!

என் பழைய போர்வையை அனுப்புங்கள், நம் வீட்டு வாசம் போகாதபடி துவைக்காமல். நிறுத்தத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது. நீங்கள் மட்டும் "வா" என்று எழுதிவிடாதீர்கள் அம்மா, உடனே கிளம்பிவிடுவேன்.

உங்கள் செல்ல மகள்