ஏழு நிமிடம்

ஐப்பசி எட்டு, வியாழன் இரவு

தங்கை செல்வியின் கணவருக்குப் பக்கவாதம் வந்த அன்று காரை ஓட்டியது நான்தான். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மூன்று மாதமாக அவளுக்கு ஒரே பேச்சு: "ரிங் ரோட்ல போயிருந்தா அவருக்குப் பேச்சு போயிருக்காதுண்ணே."

இன்று அதே காலைப் பத்து மணிக்கு, அவள் வீடு இருக்கும் திருநகரிலிருந்து ரிங் ரோடு வழியாக ஆஸ்பத்திரி வரை ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு நிமிடம். அன்று கேட்டில் நின்றும் முப்பத்தொன்றுதான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தேன். நான் தப்பு செய்யவில்லை. இந்த மூன்று மாதத்தை யார் திருப்பித் தருவது?

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள், என்னைப் பார்க்காமல்.

"அன்னைக்கு விடிஞ்சதுமே கை மரத்துப் போச்சுன்னு சொன்னாருண்ணே. சித்த நேரம் படுங்க, சரியாப் போயிரும்னு நான்தான் சொன்னேன். உனக்கு போன் போட அம்புட்டு நேரமாயிருச்சு."

கரண்டி கிண்ணத்தில் தட்டிக்கொண்டே இருந்தது.

"ஆனா நீ வந்தப்பவும் நேரம் இருந்துச்சுல்லண்ணே? அந்த கேட் மட்டும் இல்லாட்டி?"

மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சு செல்வி," என்றேன். "ரிங் ரோட்ல போயிருந்தா ஏழு நிமிசம் முன்னாடியே போயிருப்போம். எனக்குத்தான் புத்தி வேலை செய்யல."

கரண்டிச் சத்தம் நின்றது. கஞ்சி முழுவதையும் ஊட்டி முடித்தாள்.

இன்றும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.