சிவப்பு ரப்பர் பூட்ஸ்

ஜூன் 3, சனி

காலையிலிருந்து வீடு இரண்டுபடுகிறது. என் வீட்டுக்காரர் ட்ரெவரின் பழைய நண்பர் க்ளைவ் வந்திருக்கிறார். 1978 ஆகஸ்டில் மெல்புரூக் பூங்காவில் நடந்த கச்சேரியில் நான்காவது பாட்டு எது என்று அவருக்கும் ட்ரெவருக்கும் சண்டை. நாற்பத்தைந்து வருஷமாக இதே சண்டைதான். ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு நிதி திரட்ட நடந்த கச்சேரி அது. அந்த வார்டையே இடித்துப் புதிதாகக் கட்டியாயிற்று. நான்காவது பாட்டு மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

இந்த முறை சண்டைக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கச்சேரியில் பாடிய காப்பர் ஹெரன் குழுவின் ரசிகர் சங்கம், அன்று வந்தவர்களின் நினைவுகளைச் சேர்த்துப் புத்தகம் போடுகிறதாம். க்ளைவ்தான் தொகுப்பாசிரியர். தலைமுடி போய்விட்டது, அன்று வாங்கிய பனியன் மட்டும் போகவில்லை. அது தொப்பைக்குப் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

"டேய், உன் தோள் கதையை எழுதிக் குடுடா. புத்தகத்துலயே அதுதான் நல்ல கதை," என்றார் ட்ரெவரிடம்.

இருவருக்கும் டீ போட்டேன். ட்ரெவருக்கு வழக்கம்போல மூன்று ஸ்பூன் சர்க்கரை.

ஜூன் 5, திங்கள்

தோள் கதை. எங்கள் கல்யாண விருந்தில் சொன்னார். பிள்ளைகள் இருவரின் கல்யாணத்திலும் சொன்னார். போன வருஷம் பல் டாக்டரிடம், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொன்னார்.

கடைசிப் பாட்டின்போது மழை. பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "எனக்கு ஒண்ணுமே தெரியல. கொஞ்சம் தூக்கிக்கிறியா?" ட்ரெவர் மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் குனிந்து அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் தம் நெஞ்சின் மேல் ஆடிய இரண்டு சிவப்பு ரப்பர் பூட்ஸைத்தான். பாட்டு முடிந்ததும் அவள் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டாள். அரை மணி கழித்து டீக் கூடாரத்தில் சிவப்பு ரப்பர் பூட்ஸோடு ஒரு பெண். "பாக்கச் சின்ன ஆளா இருக்க, என்ன கனம் கனக்குற நீ," என்றார் அவளிடம். இரண்டு வருஷத்தில் கல்யாணம்.

கூடாரத்தில் நின்றது நான். தோளில் இருந்தது நானில்லை.

எழுதிவிட்டேன். எழுதியதைத் திரும்பப் படிக்கவே பயமாக இருக்கிறது.

நான் சர்ச் மாதர் சங்கத்தோடு டீ ஊற்ற வந்தவள். காலையிலிருந்து கூடாரத்தை விட்டு நகரவில்லை, மேடை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. அந்த பூட்ஸ் கடைத்தெருவில் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் வாங்கியது. அன்றே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவன் நனைந்த முடியோடு சிரித்துக்கொண்டு நின்றான். நானில்லை என்றால் அவளைத் தேடிப் போய்விடுவானே. நாளை சொல்லலாம் என்றிருந்தேன் — அப்புறம் கல்யாணம், அப்புறம் பிள்ளைகள். எந்த இடத்தில் சொல்வது?

ஜூன் 12, திங்கள்

ட்ரெவர் தோள் கதையை எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். முன்பெல்லாம் ஒரு பாட்டுக்குத்தான் தோளில் இருந்தேன். இப்போது மூன்று பாட்டாம். இன்னும் ஒரு வாரம் விட்டால் நானே மேடையேறிப் பாடியிருப்பேன்.

"நீயும் ஒரு பக்கம் எழுதேன் வெண்டி. மேலேர்ந்து பாக்க எப்படி இருந்துச்சு?"

"ஈரமா இருந்துச்சு," என்றேன்.

ஜூன் 17, சனி

க்ளைவ் போன் செய்தார்.

"ஒரு வேடிக்கை கேளு வெண்டி. லொரெய்ன்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க. சிவப்பு பூட்ஸ், கடைசிப் பாட்டு, ஒரு நீளமுடிக்காரன் தோள்ல ஏறினாங்களாம். காதுல உதைச்சுட்டாங்களாம், இன்னிக்கும் மனசு உறுத்துதாம். நம்ம ட்ரெவர் மாதிரியே அன்னைக்கு இன்னொருத்தனும் இருந்திருக்கான் பாரேன்."

நான்காவது பாட்டுக்காக நாற்பத்தைந்து வருஷமாக மல்லுக்கட்டுகிறவருக்கு இது உறைக்கவில்லை. வாழ்க.

அந்த அம்மாள் அடுத்த சனிக்கிழமை பூங்காவில் நடக்கும் ஒன்றுகூடலுக்கு வருகிறார்களாம்.

ட்ரெவரின் அந்த இடது காது. குளிர்காலம் வந்தால் குடைகிறது என்பார், உதைத்தவள் நான்தான் என்பார். யாரோ உதைத்ததற்கு வருஷா வருஷம் நான் திட்டு வாங்கினேன்.

ஜூன் 19, திங்கள்

சொல்ல வாயெடுத்தேன். அவர் தோட்டத்தில் கடைசிப் பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 23, வெள்ளி

முதுகுவலி, நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். மடக்கு நாற்காலியை எடுத்துக் காரில் வைத்துவிட்டார்.

ஜூன் 24, சனி

மழை பெய்தது. பெய்யாமல் எப்படி? எழுபது வயதுக்காரர்கள் முப்பது பேர் குடைக்குள் உட்கார்ந்து வெள்ளரிக்காய் சாண்ட்விச் தின்றுகொண்டே பழைய பாட்டுகளைப் பாடினார்கள். லொரெய்னை உடனே கண்டுகொண்டேன். வெள்ளைமுடி, கைத்தடி, நல்ல சிரிப்பு. கடைசிப் பாட்டை ஒரு வரி விடாமல் பாடினாள். பாடி முடித்து ட்ரெவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "இடது காதா?"

"இடது காதுதான்," என்றார் ட்ரெவர்.

நான் பிளாஸ்க்கும் கையுமாக நின்றேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"அன்னைக்கும் என் தலைக்கு மேல இப்படித்தான் ஒரு வரி தப்பாம பாடுனீங்க," என்றார் அவளிடம். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "இவ டீக் கூடாரத்துல என்கிட்ட கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? 'இன்னைக்கு யாரு பாடுனாங்க?'"

லொரெய்ன் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரில் ஏறியதும் கேட்டேன்.

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"அஞ்சே நிமிஷத்துல."

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச?"

"'அது நானில்ல'ன்னு நீ சொல்லலையே. என்னைப் பிடிக்கலைன்னா சொல்லியிருப்பன்னு நெனைச்சேன். அது போதும்னு இருந்துட்டேன்."

"காதுல உதைச்சது நான்தான்னு இத்தனை வருஷம் திட்டினியே?"

"அது கதைக்கு வேண்டியிருந்துச்சு."

அழுதேன். இவ்வளவு வருஷம் பயந்தது இதற்கா என்று கோபம்கூட வந்தது. அவர் வண்டியை எடுக்காமல் கண்ணாடித் துடைப்பானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஒண்ணு சொல்லணும், வெண்டி. அன்னைக்கு நீ கேக்காமலே மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடுத்த. சரியா இருக்கான்னு கேட்ட. இதேதான் எனக்குப் பிடிக்கும்னேன்."

"ஆமா."

"எனக்கு டீயில சர்க்கரையே பிடிக்காது."

ஜூன் 25, ஞாயிறு

க்ளைவ் போன் செய்தார். தோள் கதையை அப்படியே போடச் சொல்லிவிட்டேன். மூன்று பாட்டு என்பதை மட்டும் ஒன்றாகக் குறைக்கச் சொன்னேன்.

காலை டீயில் சர்க்கரை போடவில்லை. ட்ரெவர் ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார். என்னைப் பார்க்காமல் எழுந்து போய், தாமே மூன்று ஸ்பூன் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.