நடுவிலேயே நின்ற ஹைட்ரஜன்

என் வாலுப் பையனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மூட்டு வலி மட்டும் என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகம்தானே, குளிரில் குழந்தையைக் காதை மூடாமல் வெளியே அனுப்பாதீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் என் மானம் போன கதையைக் கேள். பூமியின் ஆழத்தில் அத்தனை அழுத்தத்தில் கல்லுக்குள் இருக்கும் தண்ணீர் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதானே என் பிழைப்பு. அழுத்தம் ஏற ஏற, அந்தத் தண்ணீரில் ஒரு ஆக்ஸிஜனை ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் நகர்ந்துபோய் இரண்டு ஆக்ஸிஜனுக்கு நட்டநடுவில் நிற்கும், எந்த அழுத்தத்தில் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஏழு மாதம் ஓட்டினேன். எனக்கோ குறைந்த அழுத்தத்திலும் அது நடுவை விட்டு அசையவே இல்லை, புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று தலைகால் புரியவில்லை. போன மாதம் பக்கத்து மேசைத் தாடிக்காரர் கம்ப்யூட்டரில் என் கணக்குக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, ஆரம்பத்துலயே நீங்கதானே மேடம் அதை நடுவுல வெச்சிருக்கீங்க, ரெண்டு பக்கமும் சமமா இழுத்தா அது எங்க போகும், ஒரு துளி தள்ளி வெச்சுப் பாத்தீங்களா என்றார். இதே தப்புக்கு எத்தனை மாணவர்களை நான் வறுத்தெடுத்திருக்கிறேன்! யானைக்கும் அடி சறுக்கும் மேடம் என்று சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோப்பை உண்டாக்கிய தேதியைப் பார்த்தேன். உன் அப்பா கண்ணை மூடிய பத்தாம் நாள். எங்கூட வந்துடும்மா என்று நீ கெஞ்ச, எனக்குக் கணக்கு ஓடணும்டா என்று சொல்லி உன்னை விமானம் ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போகப் பயந்து நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேனே, அன்றைக்கு. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சத்தியமாக அந்த ஹைட்ரஜனுக்காக இல்லை.

துளி தள்ளி வைத்து மறுபடி ஓட்டினேன். தாடிக்காரர் தன் பங்குக் கம்ப்யூட்டர்களையும் விட்டுக்கொடுத்தார், நல்ல மனுஷன். போன வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது, மற்றவர்கள் முன்பே சொன்னதுதான் வந்திருக்கிறது, புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது இன்னும் ஆறு மாதம் ஆகும் என்றேன். பச்சைப் பொய். கணக்கு முடிந்துவிட்டது என்றால் நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று நீ கேட்பாயே. சனி ஞாயிறில் உன் பத்து நிமிடப் போன் தவிர வாய் திறக்க ஆளில்லை, திங்கட்கிழமை காவலாளிக்கு வணக்கம் சொன்னால் குரலே எழும்பவில்லை. இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன். தனியாக இருக்கத் தெரியும் என்று உன்னிடம் ஜம்பம் அடித்தேன். தெரியவில்லையடா.

உன் வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறையில் இப்போது பேத்தியின் சைக்கிளும் பெட்டிகளும் இருப்பதாக மருமகள் சொன்னாள். அவற்றை ஒரு ஓரமாகத் தள்ளினால் போதும், எனக்கு ஒரு கட்டில் இடம் தாராளம். மருமகளைக் கேட்டுவிட்டு முடிவு செய், அவள் முகம் கோணாமல் சரி என்றால்தான்.

மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, இதைப் படித்துவிட்டுப் போன் செய்யும்போது எப்படி இருக்கே என்று கேட்காதே, நல்லா இருக்கேன் என்று சொல்லித் தொலைத்துவிடுவேன். எப்ப வரே என்று மட்டும் கேள்.

உன் வீம்பு பிடித்த
அம்மா