சிவப்புக் கட்டமும் என் கண்ணும்

ஜனவரி 6

காய்ச்சல் வார்டுக்கு ஒரு ஜோசியர் வந்திருக்கிறார். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் புதுச் சளிக்காய்ச்சலோடு யார் வந்தாலும் வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எல்லாவற்றையும் தட்ட வேண்டும். ஆள் மோசமாக எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று ஒரு கட்டம் வரும். பச்சை என்றால் வீட்டுக்கு. மஞ்சள் என்றால் வார்டில் படுக்கை. சிவப்பு என்றால் தீவிர சிகிச்சை.

அதைப் பொருத்த வந்தவர் வாய்க்கு வாய் சதவீதம் என்கிறார். எங்களுக்கு அவர் பெயரே சதவீதம் ஆகிவிட்டது. நோயாளி ஒருவரைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்திமூன்று வருஷம் நர்ஸாக இந்த வாசலில் நின்று, யார் தேறுவார் யார் தேறமாட்டார் என்று பார்த்த கண் எனக்கு. அதற்கு வயரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

ஜனவரி 8

தலைமை டாக்டரின் புது உத்தரவு. கட்டம் வருவதற்கு முன்னால், பதிவு செய்கிற நர்ஸ் தன் கணிப்பையும் ஒரு வரியில் எழுத வேண்டுமாம். "யாரு சரின்னு அப்புறம் பார்த்துக்கலாம் சிஸ்டர்."

போட்டி வைக்கிறார். பாவம் அந்த இயந்திரம்.

ஜனவரி 11

தையல்காரர் ஒருவர். வயது 34. ஆக்சிஜன் 96. பச்சை, ஒன்பது சதவீதம். "வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் சதவீதம், திரையைப் பார்த்தபடியே.

தையல்காரருக்கும் போகத்தான் அவசரம். "துணி நிறைய... கிடக்குது சிஸ்டர்... நான்... கிளம்புறேன்." ஒரு வாக்கியத்தை நாலு துண்டாக வெட்டிக் கொடுத்தார். தொழில் பழக்கம் இல்லை, மூச்சு போதவில்லை. நடைவழியில் ஒரு சுற்று நடக்கவைத்தேன். திரும்பி வரும்போது 87.

"உட்கார்ந்திருக்கிறப்போ எடுத்த அளவைத்தான் இது கேட்கும்" என்றார் சதவீதம்.

"அப்போ அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தே இருக்கணுமா?"

அவர் கையேட்டைப் புரட்டினார்.

ஜனவரி 13

தையல்காரருக்கு முகமூடி வழியாக ஆக்சிஜன். வீட்டுக்குப் போயிருந்தால் — வேண்டாம். வார்டு முழுக்க என் பேச்சுதான். நானும் யார் வாயையும் மூடவில்லை.

ஜனவரி 14

எண்பத்திரண்டு வயது அம்மா ஒருவர். சிவப்பு, எழுபத்தொன்று. படுத்தபடியே எங்கள் ஐந்து பேரையும் தனித்தனியாகத் திட்டினார். தலையணை சரியில்லையாம். 'தேறிவிடுவார்' என்று எழுதினேன். இப்படித் திட்டுவதற்கு எவ்வளவு காற்று வேண்டும்.

ஜனவரி 18

அந்த அம்மா வீட்டுக்குப் போனார். போகும்போது சக்கர நாற்காலியைத் திட்டினார். இயந்திரத்துக்கு இரண்டாவது குட்டு.

ஜனவரி 19

என் வீட்டுக்காரருக்குச் சளி. இனி வீடு தாங்காது. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிற மனுஷர், ஒரு தும்மலுக்குக்கூடப் பின்னணி, காரணங்கள், விளைவுகள் என்று பாடம் நடத்துவார். போன வருஷம் தொண்டை கரகரத்ததற்கு, மகளைக் கூப்பிட்டு வீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டினார்.

ஜனவரி 22

அதிசயம். இவர் புலம்பவே இல்லை. வெந்நீர் வேணுமா? "ம்." ஜன்னலைச் சாத்தட்டுமா? "ம்." கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. ஒருவழியாகத் திருந்திவிட்டார்.

ஜனவரி 23

காலையில் வார்டுக்கு மகள் போன் செய்தாள். "அம்மா, பாத்ரூம் போயிட்டு வந்து கட்டில்ல உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்ல. நான் அங்க கூட்டிட்டு வரேன்."

"அப்பாவுக்கு எப்பவும் இப்படித்தானே. சரி, கூட்டிட்டு வா. உனக்காவது நிம்மதியா இருக்கும்."

வந்தார். பதிவு மேசையில் நான்தான். வயது 59, சர்க்கரை உண்டு. 'சாதாரண சளி. வீட்டுக்கு அனுப்பலாம்' என்று முதலில் எழுதிவிட்டுத்தான் அளவெடுத்தேன். ஆக்சிஜன் 91. விரல் சில்லென்று இருந்தது, கருவி பிடிக்கவில்லை என்று வேறு விரலில் மாட்டினேன். 90. மூச்சு 28.

சிவப்பு. எண்பத்து மூன்று.

சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். "இது என்னைப் பழிவாங்குது" என்றேன் சதவீதத்திடம்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து இவரையே பார்த்தார். "சிஸ்டர், சார் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுறார்."

இருபத்திமூன்று வருஷக் கண்.

ஜனவரி 24

தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள்.

ஜனவரி 26

நாலு நாளா பக்கத்துலயே படுத்திருந்தேனே. முன்னப் பின்ன தெரியாத தையல்காரரை நாலு வார்த்தையில கண்டுபிடிச்சேன். இவர் 'ம்'-னு சொன்னது எனக்கு ஏன் கேக்கல? பேச மூச்சில்லாம இருந்தவரைத் திருந்திட்டார்னு எழுதி வெச்சிருக்கேன், இதே நோட்டுல. கிழிச்சுப் போடணும்போல இருக்கு. கிழிச்சா மட்டும்?

மகள் சண்டை போட்டிருந்தால் தேவலை. வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், யாரோ திருட வருகிற மாதிரி.

பிப்ரவரி 2

குழாயை எடுத்தார்கள். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசக் கூடாது என்று கை காட்டினேன்.

தலைமை டாக்டர், "இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா கஷ்டம் சிஸ்டர். நல்லவேளை, நீங்க இருந்தீங்க" என்றார். தலையாட்டினேன். அந்த மேசையில் நான் என்ன எழுதினேன் என்று அவர் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. வாயில்லாப் பூச்சி மாதிரி நின்றேன், நானா இது?

பிப்ரவரி 15

வீட்டுக்கு வந்தாயிற்று. மாடிப்படியில் இரண்டு தடவை நின்றுதான் ஏறினார். இந்த வருஷம் பள்ளிக்கூடம் இல்லை என்று விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த ஐந்து நாட்களைப் பற்றி இவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

பிப்ரவரி 24

மறுபடி வேலைக்கு வந்து ஒரு வாரம். இன்று சதவீதம் இதுவரை நான் பதிந்த படிவங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு பேர். இயந்திரத்தின் கணிப்பு பொய்த்தது ஒன்பது பேரிடம். என்னுடையது பதினொன்று.

பதினொன்றா? எனக்கு நினைவிருந்தது இரண்டு. மற்றதை எல்லாம் என் மண்டை சத்தமில்லாமல் பெருக்கித் தள்ளியிருக்கிறது. தையல்காரரை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறது.

"ஆனா சிஸ்டர், ரெண்டுமே சேர்ந்து ஏமாந்தது ஒரே ஒருத்தர்கிட்டதான்" என்றார். "இனிமே ரெண்டையும் வெச்சுத்தான் முடிவு பண்ணணும்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். நடக்கவெச்சுப் பார்க்கிற அளவுக்கும் படிவத்துல இடம் போட்டாச்சு."

பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன்.

"ஜனவரி இருபத்துமூணு எங்கே?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "அதை நான் சேர்க்கல. சொந்தக்காரங்கன்னா கணக்கு வேற, இல்லையா..."

நல்ல மனுஷர். இத்தனை நாள் அவரை எப்படியெல்லாம் வாரியிருக்கிறேன்.

"வேற இல்ல. சேருங்க. எழுதினது நான்தான்னும் போடுங்க."

அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தார். பிறகு தட்டினார். பதினொன்று, பன்னிரண்டாயிற்று.